முழுசும் ரொக்கம்ங்க!

போளூரிலிருந்து மலையேறி ஜமுனாமரத்தூரில் இறங்கியதும் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். டீ சொன்னேன். டீ வருவதற்குள் கடைச் சுவரில் இருந்ததைப் படித்து முடித்துவிட்டேன். மஞ்சள் தாள், சிவப்பு எழுத்து.

'வீடு, மனை, தோட்டம் விற்கணுமா? பட்டா இருந்தாலும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. முழுத் தொகையும் ரொக்கம். ஒரே நாளில் செட்டில்மென்ட். கமிஷன் கிடையாது.'

கீழே இரண்டு செல் நம்பர். பெயர் இல்லை, முகவரி இல்லை.

சினிமா வந்தால் மறுநாளே விமர்சனம் எழுதிவிடுகிறோம். நாவல் வந்தால் எழுதுகிறோம். ஆனால் ஊர் உலகத்தில் அதிகம் பேர் படிக்கிற இலக்கியம் இந்த மாதிரி சுவரொட்டிதான். இதற்கு யாராவது விமர்சனம் எழுதியிருக்கிறார்களா? எனக்குத் தெரிந்து இல்லை. இந்த வாரம் நான் எழுதிவிடுகிறேன்.

முதலில் நடையைப் பாராட்டிவிட வேண்டும். ஐந்தே வாக்கியம். ஒவ்வொன்றும் வீடு விற்க நினைக்கிறவனின் ஒரு பயத்துக்குப் பதில். பேப்பர் சரியில்லையே என்ற பயமா? பரவாயில்லை. பணம் முழுசாக வருமா? ரொக்கம். இழுத்தடிப்பார்களா? ஒரே நாள். புரோக்கர் தின்றுவிடுவானா? கமிஷன் கிடையாது. விளம்பரக் கம்பெனியில் லட்சக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவர்கள்கூட இவ்வளவு சிக்கனமாக எழுத மாட்டார்கள்.

இப்போது குறைகள்.

'செட்டில்மென்ட்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பத்திரப் பதிவு ஆபீஸில் அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம். அப்பா மகளுக்கு, அண்ணன் தம்பிக்கு என்று காசு வாங்காமல் எழுதிக் கொடுப்பதுதான் அங்கே செட்டில்மென்ட். நோட்டீஸ் எழுதியவர் தெரியாமல் போட்டிருக்கலாம். ஆனால் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால், அவர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

அடுத்தது, அந்த 'முழுத் தொகையும் ரொக்கம்'. இதைப் பற்றிப் பேச எனக்கு ஒரு தகுதி இருக்கிறது. பி.காம். பட்டத்தைச் சொல்லவில்லை. என் அத்தையைச் சொல்கிறேன்.

போளூரில் அத்தைக்கு ஒரு வீடு இருந்தது. மாமா 1986ல் 80,000 ரூபாய் செலவழித்துக் கட்டியது. மாமா போனபிறகு அத்தை தனியாக இருந்தாள். மகள் ஆரணியில். 2016ல் வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய்விடலாம் என்று முடிவானது. இரண்டு பேர் கேட்டார்கள். ஒருவர் ஆசிரியர், பேங்க் லோன் போட்டு 17 லட்சம் தருவதாகச் சொன்னார், இரண்டு மாதம் ஆகும். இன்னொருவர் வியாபாரி. 18 லட்சம், ஒரே வாரம். ஆனால் பத்திரத்தில் 7 லட்சம்தான் காட்டுவோம், அதைச் செக்காகத் தருகிறேன், மீதி 11 லட்சம் கையில் என்றார்.

அத்தை என்னைக் கேட்டாள். "ஏம்ப்பா, நீ கணக்குப் படிச்சவன். சரியா வருமா?"

நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 1986ன் 80,000 ரூபாயை அன்றைய பணவீக்கக் குறியீட்டின்படி உயர்த்தினால் சுமார் 6 லட்சத்து 43 ஆயிரம். 7 லட்சத்துக்கு விற்றதாகக் காட்டினால் லாபம் என்று சொல்ல ஒன்றுமில்லை, வரியும் இல்லை. 18 லட்சத்தைக் காட்டினால் அத்தையின் வயதுக்கு உண்டான கழிவெல்லாம் போக, வரி ஏறத்தாழ ஒன்றே முக்கால் லட்சம். "குடுத்தா வாங்கிக்க அத்தே" என்று சொல்லிவிட்டேன். அக்டோபரில் பத்திரம் முடிந்தது. பதினோரு கட்டு, எல்லாம் ஆயிரம் ரூபாய் நோட்டு. எண்ணிச் சரிபார்த்தது நான்தான். எச்சில் தொட்டு எண்ணாதே என்று அத்தை திட்டினாள்.

நவம்பர் 8, செவ்வாய்க்கிழமை, இரவு எட்டு மணி. அதற்கு மேல் உங்களுக்கே தெரியும்.

இரண்டரை லட்சத்தை அத்தை தன் கணக்கில் கட்டினாள். அதுவரை கட்டினால் கேள்வி வராது என்று அரசே சொல்லியிருந்தது. மீதி எட்டரை லட்சத்துக்கு எங்கே போவது? வீடு விற்றது என்று சொன்னால் பத்திரத்தைக் காட்டு என்பார்கள். பத்திரம் 7 லட்சம் என்கிறது, அதுவும் செக்கில் வந்துவிட்டது. ஒருவர் வந்தார். நூற்றுக்கு முப்பது எடுத்துக்கொள்வேன் என்றார். 2 லட்சத்து 55 ஆயிரம் ரூபாய் அப்படிப் போனது. ஒன்றே முக்கால் லட்சத்தை மிச்சம் பிடிக்க இரண்டரை லட்சத்துக்கு மேல் செலவு. தப்புதான், நான் மறுக்கவில்லை. வழி சொன்னவனும் நான், வாசலில் நின்றவனும் நான்.

இதில் இன்னொன்றைக் கவனியுங்கள். வியாபாரிக்கு என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை. அவர் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த பழைய நோட்டு சரியான நேரத்தில் வீடாகிவிட்டது. அத்தையின் வீடு பழைய நோட்டாகிவிட்டது. தவிர, அன்றைக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். காட்டாத 11 லட்சத்துக்கு அவர் மிச்சம் பிடித்தது 88 ஆயிரம். அந்த ஆசிரியர் தருவதாகச் சொன்னதைவிட ஒரு லட்சம் கூடுதலாகக் கொடுத்தாரே, அந்தக் கூடுதல் எங்கிருந்து வந்தது என்று நான் அன்றைக்கு யோசிக்கவே இல்லை. கணக்குப் படித்தவன்!

அன்றைக்கு எனக்குத் தெரியாத விஷயங்கள் இரண்டு. ஒன்று, முழு விலையையும் காட்டி, லாபத்தை அரசு குறிப்பிட்ட பத்திரங்களில் ஆறு மாதத்துக்குள் போட்டிருந்தால் அத்தைக்கு வரியே வந்திருக்காது. வேறு வீடு வாங்கியிருந்தாலும் சலுகை உண்டு. ஒன்றே முக்கால் லட்சம் என்று நான் பயமுறுத்தினேனே, அந்தப் பூதமே இல்லை. இரண்டாவது, 2015 ஜூன் 1 முதல் ஒரு விதி அமலில் இருந்தது. வீடு, நிலம் விற்கிறவர் அந்த விற்பனைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. அட்வான்ஸாக இருந்தாலும் கூடாது. வாங்கினால், எவ்வளவு வாங்கினாரோ அவ்வளவும் அபராதம் விதிக்கலாம். யாருக்கு? கொடுத்தவருக்கு இல்லை ஸார், வாங்கினவருக்கு! அத்தை மாட்டியிருந்தால் 11 லட்சத்துக்கு அபராதம் 11 லட்சம். 2017 ஏப்ரலிலிருந்து வேறு எந்தக் காரியமானாலும் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதற்கும் அதே கதி.

சுவரில் ஒட்டியிருக்கிற அந்த மஞ்சள் தாள் இதைச் சொல்லவில்லை. எந்த நோட்டீஸும் சொல்லாது. 'ரொக்கம் எங்களுடையது, அபராதம் உங்களுடையது' என்று போட்டால் யார் போன் பண்ணுவார்கள்?

நீங்கள் கேட்கலாம், மாட்டினால்தானே என்று. சரி, பெங்களூர் கதை ஒன்று சொல்கிறேன். ஆற்காடு நாராயணசாமி முதலியார் என்பவர் 1873ல் அங்கே தொடங்கிய கல்வி நிறுவனம் இன்றைக்கும் இருக்கிறது. பெயரிலேயே நம்ம ஆற்காடு. அந்த நிறுவனத்தின் வசம் இருந்த இடத்தை வேறு யாரிடமிருந்தோ வாங்குவதற்கு ஒப்பந்தம் போட்டிருக்கிறோம், 75 லட்சம் ரூபாய் ரொக்கமாக அட்வான்ஸ் கொடுத்திருக்கிறோம் என்று சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை வந்தது. 2025 ஏப்ரல் 16ல் தீர்ப்பு. நீதிபதிகள் வழக்கைத் தூக்கி எறிந்ததோடு விடவில்லை. 75 லட்சம் ரொக்கம் எப்படிக் கைமாறியது என்று கேட்டார்கள். இனிமேல் எந்த வழக்கிலாவது 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கொடுத்ததாகச் சொன்னால், அந்த கோர்ட் வருமான வரித் துறைக்குத் தகவல் அனுப்ப வேண்டும். பதிவுக்கு வரும் பத்திரத்தில் அப்படி இருந்தால் சார்பதிவாளர் அனுப்ப வேண்டும். அனுப்பாத அதிகாரி மீது நடவடிக்கை என்று சொல்லிவிட்டார்கள்.

அதாவது, உங்களுக்கு மீதிப் பணம் வரவில்லை என்று வையுங்கள். கோர்ட்டுக்குப் போய் "நான் ரொக்கமாக இவ்வளவு வாங்கினேன், பாக்கி இவ்வளவு" என்று வாயைத் திறந்த நிமிஷமே நீங்களே உங்கள் மீது புகார் கொடுத்த மாதிரி. வாயைத் திறக்காவிட்டால் பாக்கி போச்சு. பத்திரத்தில் 'முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போட்ட பிறகு, இல்லை, வேறு பேசினோம் என்று வாய்மொழியாக நிரூபிப்பது குதிரைக் கொம்பு.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ரொக்கத்துக்கு வாங்குகிறவர் எல்லோரும் திருடர் இல்லை. வெளிநாட்டில் ரொக்கத்துக்கு வாங்குகிறவர் என்றால் பேங்க் கடன் போடாமல், கையிருப்பில் இருக்கிற பணத்தில் வாங்குகிறவர் என்றுதான் அர்த்தம். பணம் பேங்க் வழியாகத்தான் வரும். கடன் மறுக்கப்படுமோ என்ற பயம் இல்லை, சீக்கிரம் முடியும். அதற்காக விலையைக் குறைத்துக் கேட்பார். எவ்வளவு குறைப்பார்? சான் டியாகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இருவர் அமெரிக்க வீட்டு விற்பனைகளை அலசிப் பார்த்தார்கள். கடன் போட்டு வாங்குகிறவர்கள், ரொக்கக்காரர்களைவிடச் சுமார் 11 சதவீதம் அதிகம் கொடுக்கிறார்களாம். திருப்பிச் சொன்னால், அவசரத்துக்கு விற்பவன் சுமார் 10 சதவீதத்தை விட்டுக் கொடுக்கிறான். கடன் கிடைக்காமல் போகிற ஆபத்தை மட்டும் கணக்குப் பார்த்தால் இவ்வளவு குறைக்க நியாயம் இல்லை என்பதும் அவர்கள் சொன்னதுதான்.

அங்கேயும் மஞ்சள் நோட்டீஸ் உண்டு. 'அசிங்கமான வீடுகளை வாங்குகிறோம்' என்றே விளம்பரம் செய்கிற ஒரு பெரிய கம்பெனி டல்லாஸில் இருக்கிறது. 1996லிருந்து நடக்கிறது. 2023ல் ப்ரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் துருவிப் பார்த்தபோது, அதன் கிளைகள் சில வயதானவர்கள், நோயாளிகள், பணமுடையில் இருப்பவர்கள் என்று தேடித் தேடிப் போய் மலிவு விலையில் எழுதி வாங்கியது வெளியே வந்தது. டெக்ஸாஸ் ஆனால் என்ன, திருவண்ணாமலை மாவட்டம் ஆனால் என்ன, கதவைத் தட்டுகிறவர் யார் வீட்டைத் தட்டுகிறார் என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை.

நம்ம ஊரில் அந்த அர்த்தமே புரண்டுவிட்டது. இங்கே ரொக்கம் என்றால் நோட்டு. நோட்டு என்றால் பாதி வெள்ளை, பாதி வேறு. என்னிடம் யாராவது "முழுசும் ரொக்கம்ங்க" என்றால் இப்போது நான் ஒரே கேள்விதான் கேட்கிறேன்: "அப்படியா, ரொம்ப சந்தோஷம். அதையே ஆர்.டி.ஜி.எஸ்.ல போட்டுடுங்களேன், இல்லாட்டி டி.டி. எடுத்துடுங்க?" நிஜமாகப் பணம் வைத்திருக்கிறவருக்கு அரை மணி நேர வேலை. ஆனால் அந்தக் கேள்விக்கு அப்புறம் போன் எடுக்காமல் போனவர்கள்தான் எனக்குத் தெரிந்து அதிகம்.

சரி, ஜவ்வாது மலைக்கு வருவோம். டீ ஆறிவிட்டது.

இந்த மலைக்கு ரிசார்ட் மோகம் வந்துகொண்டிருக்கிறது. ஏற்காடு நிரம்பிவிட்டது, ஏலகிரி நிரம்பிவிட்டது, அடுத்தது இது என்று கீழே பேசிக்கொள்கிறார்கள். சாமை விளைகிற சரிவு, பலா, புளி, தேன், பீமன் அருவி, கோலப்பன் ஏரி என்று காட்ட இங்கே நிறைய இருக்கிறது. மலையின் இன்னொரு பக்கம் காவலூரில் வானத்தைப் பார்க்கிற பெரிய தொலைநோக்கி. இரவு இருட்டாக இருக்கிறது என்பதற்காகவே அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 1977ல் யுரேனஸ் கிரகத்துக்கு வளையம் இருக்கிறது என்று கண்டுபிடித்ததில் காவலூருக்கும் பங்கு உண்டு. அந்த இருட்டுக்குள்தான் இப்போது 'வியூ பாயின்ட் காட்டேஜ்' விளக்குகள் வேண்டும் என்கிறார்கள்.

இங்கே பெரும்பாலும் மலையாளி என்கிற பழங்குடி மக்கள். பெயரைப் பார்த்து கேரளா என்று நினைக்காதீர்கள். மலையை ஆள்கிறவர்கள் என்று பொருள் சொல்வார்கள், பேசுவது தமிழ்தான். கேரளாவில், ஆந்திராவில், கர்நாடகத்தில் பழங்குடி நிலம் கைமாறுவதைத் தடுக்கத் தனிச் சட்டங்கள் உண்டு. ஒழுங்காக நடக்கிறதா என்பது வேறு விஷயம், சட்டம் என்று ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையில் சேர்க்கப்பட்ட பகுதி ஒன்றுகூட இல்லை. அரசு ஒப்படைத்த நிலமானால் அந்த ஒப்படைப்பில் போட்ட நிபந்தனை, காட்டு நிலமானால் 2006ம் வருஷத்து வன உரிமைச் சட்டம், இவைதான் காவல். அந்த நிபந்தனை எந்தத் தாளில், எத்தனாவது வரியில் இருக்கிறது என்று விற்பவருக்குத் தெரியாது. வாங்குபவருக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் 'பட்டா இல்லாவிட்டாலும் பரவாயில்லை'. நோட்டீஸில் எனக்குப் பிடிக்காத வாக்கியம் அதுதான். யாருக்குப் பரவாயில்லை?

டீக்கடையில் நான் அந்த நோட்டீஸைக் குறிப்பெடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "சார், நீங்க ஆபீஸரா?" என்றார். இல்லை, பத்திரிகைக்காரன் என்றேன். "படிக்கத் தெரியுமில்ல, அது போதும், வா சார்" என்று வீட்டுக்குக் கூட்டிப் போனார். இரண்டு கிலோமீட்டர் நடை. வீட்டு வாசலில் நின்றால் கீழே பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிகிறது. வியூ பாயின்ட் என்றால் இதுதான் வியூ பாயின்ட்.

பிளாஸ்டிக் கவரிலிருந்து இரண்டு தாள்களை எடுத்தார். ஒன்று, அரசாங்கம் கொடுத்த வன உரிமை ஆவணம். அவர் 'பாரஸ்ட் பட்டா' என்கிறார். இன்னொன்று, இருபது ரூபாய் முத்திரைத் தாளில் எழுதிய ஒப்பந்தம். வீடும் சுற்றியுள்ள நிலமும் 3 லட்சத்துக்குப் பேசி, 40 ஆயிரம் ரொக்கமாக அட்வான்ஸ் கொடுத்து, மூன்று மாதத்தில் பாக்கி கொடுத்து அனுபவத்தை எடுத்துக்கொள்வதாக இருந்தது. பதிவு செய்யவில்லை. தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து விற்பனை ஒப்பந்தத்தைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். இதைப் பதிவுக்கே எடுத்துப் போக முடியாது. ஏனென்றால் வன உரிமைச் சட்டத்தில் கிடைத்த உரிமை பிள்ளைகளுக்குப் போகும், ஆனால் விற்க முடியாது, வேறு யாருக்கும் மாற்ற முடியாது. சட்டத்தின் நாலாவது பிரிவிலேயே இருக்கிறது.

அப்படியானால் வாங்குபவர் ஏன் வருகிறார்? இதுதான் இந்த வியாபாரத்தின் சூட்சுமம். அவருக்குப் பத்திரம் வேண்டாம், இடம் போதும். 3 லட்சம் அவருக்கு இரண்டு சீசன் வாடகை. ஆள் இறங்கி, வேலி போட்டு, நாலு ரூம் எழுப்பிவிட்டால், எழுதப் படிக்கத் தெரியாத மனிதர் எந்த ஆபீஸில் போய் என்ன சொல்லி வெளியேற்றுவார்? காசு கொஞ்சம் கொடுத்து, பேப்பர் இல்லாமல் இடத்தை எடுத்துக்கொள்வது. செட்டில்மென்ட் என்று நோட்டீஸில் போட்டது சரிதான் போலிருக்கிறது.

நான் மெதுவாக எடுத்துச் சொன்னேன். பெரியவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "அந்த துட்டுல பாதி ஆஸ்பத்திரிக்குப் போயிடுச்சே சார். மீதியக் குடுத்தா பேப்பரத் திருப்பிக் குடுப்பாங்களா?" என்றார்.

திருவண்ணாமலையில் இலவச சட்ட உதவி மையம் இருக்கிறது, அங்கே போகலாம், கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு கொடுக்கலாம், நானே கூட வருகிறேன் என்றேன். 40 ஆயிரம் வாங்கினதை மறைக்க வேண்டாம், தவணையில் திருப்பித் தருகிறேன் என்று மனுவிலேயே எழுதிவிடலாம் என்றேன். அத்தைக்குச் சொன்ன மாதிரி "வாங்கிக்க" என்று சொல்வது சுலபம். "திருப்பிக் குடு" என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அந்தத் திண்ணையில்தான் தெரிந்தது.

உரிமை ஆவணத்தை மறுபடி ஒருமுறை வாய்விட்டுப் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். சர்வே விவரம், பரப்பளவு, எல்லை. பிறகு உரிமையாளர் பெயர். அந்தச் சட்டப்படி கணவன், மனைவி இருவர் பெயரும் சேர்ந்துதான் இருக்கும். இருந்தது. ஒப்பந்தத் தாளில் பெரியவரின் கைநாட்டு மட்டும்தான்.

உள்ளே சாமை புடைத்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது. வாசலுக்கு வந்த அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை, தாளைப் பார்த்தார்.

"எம் பேரும் கீதா அதுல?"

இருக்கும்மா என்று விரல் வைத்துக் காட்டினேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அந்த ஒரு தாளை மட்டும் என் கையிலிருந்து வாங்கி உள்ளே கொண்டுபோனார். திங்கட்கிழமை எத்தனை மணி பஸ்ஸுக்கு வரணும் என்று உள்ளேயிருந்தே கேட்டார்.